வெங்காயக் கூடையும் சீமைப் பரீட்சையும்

பினாங்கில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையற்கடை ஒன்றின் மாடியில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவுக்குத் துறைமுகக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. அடுத்தது ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் முதலாளி இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த முஸ்லிம். சந்தில் எல்லோரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய ஒரே மகளும் நானும் ஒரே வயது. எங்கள் இரண்டு வீட்டுப் பின்வாசல்களும் ஒரே பின்சந்தில் திறக்கும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சந்துதான் எங்களுக்கு விளையாட்டுத் திடல்.

ஐந்தாம் வகுப்பு முடியும் வரை இருவரும் கான்வென்ட் பள்ளிக்கு ஒன்றாகப் போனோம். அந்த விடுமுறையில் அவள் பெரியவளானாள். பள்ளி திறந்த அன்று காலை வழக்கம்போல அவள் வீட்டுப் பின்வாசலில் நின்று கூப்பிட்டேன். அவள் அம்மா வெளியே வந்து, "இனிமே அவ வரமாட்டாம்மா, நீ போயிட்டு வா," என்றார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்கிறது, குடை எடுத்துக்கொள் என்று சொல்வது போலத்தான் சொன்னார். எங்கள் சந்தில் அது அவ்வளவு சாதாரணம். வயதுக்கு வந்த பெண் மாடிக்குப் போவாள், வீட்டு வேலைக்குப் பின்கட்டு வரை இறங்கினால் உண்டு, தெருவுக்கு இறங்குவது கல்யாணத்துக்குத்தான்.

அன்று சாயங்காலம் பையை மூலையில் போட்டுவிட்டு நான் பின்சந்துக்கு வந்தபோது அவள் கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, இங்க வா. இன்னைக்கி என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"ஒண்ணும் பெருசா இல்ல லா."

"ஒண்ணும் இல்லாம சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணுனீங்க? உள்ள வந்து உக்காரு. முதல்லேருந்து சொல்லு."

உள்ளே கடைச் சமையலுக்கான சின்ன வெங்காயம் ஒரு பெரிய கூடை நிறைய இருந்தது. அதை உரிப்பது அவள் வேலை. ஒரு பக்கம் அவள், எதிரே நான். அவள் கை நிற்காது, கேள்வியும் நிற்காது. ஆப்பிரிக்காவில் எந்த ஆறு எங்கே ஓடுகிறது, எட்டாம் ஹென்றிக்கு எத்தனை மனைவிகள், ஒரு வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே நிற்கும் என்று எல்லாவற்றையும் கண்ணில் நீர் வழிய வழியத்தான் நாங்கள் படித்தோம். என் கண்ணிலும் வழியும். என் அம்மா முதல் வாரம் பயந்துபோய், அந்த வீட்டில் யாரோ என்னை அடிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அதுவரை வகுப்பில் நான் கடைசி வரிசைக்காரி. ஜன்னலுக்கு வெளியே கடலில் பாய் விரித்துப் போகும் தொங்கான்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அது முடியவில்லை. சாயங்காலம் ஒருத்தி காத்திருப்பாள். "தெரியல" என்று சொன்னால் விடமாட்டாள். "தெரியலன்னா நாளைக்குக் கேட்டுட்டு வா," என்பாள். மறக்காமல் இருக்க வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு போவேன். அவளுக்குச் சொல்வதற்காகவே நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரத் தொடங்கினேன். பரீட்சையில் என் மார்க் ஏறியது. வீட்டில் எல்லோரும் எனக்குத் திடீரென்று புத்தி வந்துவிட்டது என்றார்கள். புத்தி அடுத்த வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் கணக்கு டீச்சர் தமிழ்ப் பெண், எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்தவர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் இருக்கும். முழங்கை வரை கை வைத்த ரவிக்கை, வெள்ளைச் சேலை, காலில் பூட்ஸ், கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. பாடம் நடத்தும்போது சிரிக்கவே மாட்டார். ஒரு நாள் பின்னங்களை வகுக்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்றார். நாங்கள் தலைகீழாக்கினோம், பெருக்கினோம், விடை வந்தது. மறுநாள் நான் எழுந்து நின்று கேட்டேன்:

"டீச்சர், அத ஏன் தலைகீழாக்கணும்?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, பாதி ரொட்டிக்குள் எத்தனை கால் ரொட்டி இருக்கிறது என்று படம் போட்டு விளக்கினார். வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்திவைத்தார்.

"நல்ல கேள்வி. ஆனா இது உன் கேள்வி இல்ல. ஒரு வருஷமா நீ கேக்குற எதுவுமே உன் கேள்வி இல்ல. யாரு கேக்கச் சொல்றாங்க?"

 சொன்னால் அவளுக்கு ஏதாவது தொல்லை வருமோ என்று பயம். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், போகச் சொல்லவும் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் எங்கள் பின்சந்துக்கு வந்தார். சாக்கடையைத் தாண்டி, சேலை ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பூட்ஸ் காலோடு வந்தவரைக் கடைச் சமையற்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். என் தோழி கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு அரிசி மூட்டையைக் காட்டி, "இதுல உக்காருங்க டீச்சர்," என்றாள்.

டீச்சர் மூட்டை மேல் உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். அவள் பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். கொஞ்ச நேரத்தில் கேள்விகள் திசை மாறிவிட்டன. நிலா நம் கூடவே வருவது ஏன், கப்பல் இரும்பு என்றால் ஏன் மூழ்கவில்லை, இங்கிலீஷில் எழுதும் எழுத்தில் பாதியை ஏன் வாயால் சொல்வதில்லை என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். டீச்சர் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தானும் உரிக்க ஆரம்பித்ததை நான் கவனித்தேன். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அப்போது தவுக்கே வந்துவிட்டார். ஒரு டீச்சர் தன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதைப் பார்த்ததும் அவர் பதறிப்போனார். டீ கொண்டுவா, பலகாரம் கொண்டுவா என்று சமையற்காரர்களை விரட்டினார். டீச்சர் எழுந்து நின்று நேராகவே சொன்னார்:

"ஐயா, உங்க மக சீமைப் பரீட்சை எழுதணும். எங்க பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைங்கிறதால பேரு குடுக்க மதர்கிட்ட நான் கேக்குறேன். சனிக்கிழமை சனிக்கிழமை இங்கயே வந்து சொல்லிக் குடுக்குறேன். பரீட்சைக்கு மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாப் போதும்."

சீமைப் பரீட்சை என்று நாங்கள் சொன்னது, கேள்வித்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து, எழுதிய தாள் கப்பலில் திரும்பிப் போகும் பெரிய பரீட்சை. எங்கள் சந்தில் அதை எழுதிய ஆண்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தவுக்கே நல்ல மனிதர். பசி என்று வந்து நின்றவனைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்ததில்லை. ஆனால் இது வேறு விஷயம். தாடியைத் தடவிக்கொண்டு, "நாலு பேரு என்ன சொல்வாங்கம்மா," என்றார். முடியாது என்று சொல்லவில்லை. டீச்சருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தார், அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார், இப்படியே சில வருஷங்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். சம்பளம் என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை. தவுக்கே அதற்குப் பதிலாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பெரிய தூக்கு நிறையச் சோறும் மீன் குழம்பும் கட்டிக்கொடுப்பார். டீச்சர் ஒல்லியாக வந்தவர், எங்களுக்குப் பாடம் சொல்லி முடிப்பதற்குள் கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

நாலு பேரில் முதல் ஆளாக வந்தவர் அவளுடைய தாய்மாமாதான். பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, கடையில் உட்கார்ந்து சத்தம் போட்டார். வயதுக்கு வந்த பெண் பகல் வெளிச்சத்தில் தெருவில் போவதா, பிறகு யார் வந்து பெண் கேட்பான் என்று. நாங்கள் மாடிப்படி மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். தவுக்கே கல்லாப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவள் அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். அந்த அம்மா ஆண்கள் பேசும் இடத்தில் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

"அண்ணே, நான் இந்த ஊருக்கு வந்தப்ப எனக்கு என்ன வயசு?"

மாமா முன்னாலிருந்த டீயை எடுத்தார்.

"பதினஞ்சு. கைப்பிள்ளையோட, கப்பல் மேத்தட்டுல, முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்களுக்கு நடுவுல வந்தேன். இவரு இங்க இருந்தாரு, நீங்க ஊர்ல இருந்தீங்க. ஏத்திவிட்டது நீங்கதான். அப்ப யாரும் என்னையத் தின்னுடல. இப்ப எம்மவ போறது மூணு தெரு. போயிட்டு வரட்டும்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். குழம்பு அடிப்பிடிக்கும் என்ற அவசரம். என் தோழி என் கையை அழுத்திப் பிடித்திருந்தாள். 

அதற்குப் பிறகு விஷயம் சந்துப் பெண்கள் கைக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. பின்சந்தில் யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஒரு நாள் தையற்காரர் மனைவி வந்து, "அந்தக் கூடைய இங்க குடு," என்று பாதி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் எதிர்வீட்டு அக்கா வந்து மீதிப் பாதியை எடுத்துக்கொண்டார். பரீட்சை வரைக்கும் அவளுடைய வெங்காயத்தை அந்தச் சந்தே முறை வைத்து உரித்தது. எல்லோருக்கும் சம்மதம் என்று சொல்ல முடியாது. மசாலா இடிக்கும் ஒரு அக்கா நேராகவே சொன்னார்: "பொட்டப்புள்ள எதுக்கு இம்புட்டுப் படிக்கணும்னு எனக்குப் புரியல. ஆனா வெங்காயத்தக் கொண்டா." அவர் சாயங்காலத்தில் உலக்கை போடுவதையும் நிறுத்திவிட்டார். சத்தம் கேட்டால் படிக்க முடியாதாம், யாரோ சொன்னார்களாம். என் அம்மா அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிடுவார், கண் எரிச்சலுக்கு நல்லது என்று.

பரீட்சையின் முதல் நாள் திரை போட்ட ரிக்‌ஷாவில் போனாள். பக்கத்தில் நான். வெள்ளைத் துப்பட்டியால் தலையிலிருந்து கால் வரை போர்த்தியிருந்தாள். எந்தத் தொல்லையும் இல்லாமல் போய் எழுதிவிட்டு வந்தோம்.

கணக்குப் பரீட்சையன்று அப்படி நடக்கவில்லை. விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. கடலும் ஏற்றத்தில் இருந்ததால் சாக்கடைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தெருவில் ஏறியது. நாங்கள் ரிக்‌ஷாவில் ஏறிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, சக்கரம் மூடியில்லாத சாக்கடையில் இறங்கிவிட்டது. ரிக்‌ஷா இழுத்த சீனர் முழங்கால் தண்ணீரில் நின்று இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

நான் திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவள் திரையை விலக்கி, துப்பட்டியை இழுத்துச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"வா புள்ள. மணியாச்சு."

பின்னால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு யாரோ ஓடிவரும் சத்தம். அவள் அம்மா. கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் போர்வை ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பகலில் அந்தத் தெருவில் அவர் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மகளின் ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் நான்.

மழைக்கு ஒதுங்கிய ஆண்கள் இரண்டு பக்கமும் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் நின்றார்கள். துணிக்கடைக்காரர்கள், காசு மாற்றுகிறவர், கிட்டங்கிக் கூலிகள், வாடிக்கையாளர்கள். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். தவுக்கே தன் கடை வாசலில் நின்றார். ஒரு கணம் மகளைப் பார்த்தார். பிறகு, யார் கண்ணும் அவள் மேல் படாமல் போகட்டும் என்பது போல மெல்லத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பக்கத்துக் கடைக்காரர் அவரைப் பார்த்தார், தானும் திரும்பினார். அடுத்தவரும் திரும்பினார். நாங்கள் தண்ணீரில் நடக்க நடக்க, இரண்டு பக்கமும் ஆண்கள் வரிசையாக முதுகைக் காட்டி நின்றார்கள். முனையில் இருந்த சீன மளிகைக்காரருக்கு என்ன ஏதென்று புரியவில்லை. எல்லோரும் திரும்புகிறார்களே என்று அவரும் திரும்பிக்கொண்டார்.

துப்பட்டிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. நடுங்கிய குரல்தான், ஆனாலும் அவளுடைய குரல்.

"என்ன புள்ள, எல்லாரும் செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க? செவுத்துல ஏதாச்சும் எழுதியிருக்கா?"

அவள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்தோம். முதுகைக் காட்டி நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

பள்ளி வாசலில் டீச்சர் குடையோடு காத்திருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு துண்டை எடுத்து அவள் கையை மட்டும் நன்றாகத் துடைத்துவிட்டார். எழுத வேண்டிய கை அல்லவா. பாவாடை நுனியிலிருந்து தரையில் சொட்டச் சொட்ட அவள் போய் உட்கார்ந்தாள். இடையில் ஒரு கணக்கில் நான் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டு எழுதினாள். அப்படி ஒரு மகிழ்ச்சியான முகத்தைப் பரீட்சை அறையில் அதற்குப் பின் நான் பார்த்ததேயில்லை. எத்தனையோ வருஷம் டீச்சராகப் பரீட்சை அறைகளில் நின்றிருக்கிறேன்.

முடிவு கப்பலில் வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. ஒரு மத்தியானம் டீச்சர் கொளுத்தும் வெயிலில் குடையை விரிக்க மறந்து பின்சந்தில் ஓடிவந்தார். நாங்கள் இருவருமே தேறியிருந்தோம். கணக்கில் அவளுக்கு முதல் தரம். அதைச் சொல்லும்போது டீச்சர் சிரித்தார். அவருக்கு ஒரு பல் கொஞ்சம் கோணல் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பள்ளியிலேயே ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அவளால் அப்படிச் சேர முடியவில்லை. அதற்காக அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன், மறைக்க மாட்டேன். ஆனால் அந்த அழுகை நீளவில்லை. அடுத்த மாதமே மாடியில் பாய் விரித்தாள். எதிர்வீட்டு அக்காவின் இரண்டு மகள்கள் முதலில் வந்தார்கள், பிறகு தையற்காரரின் மகள். டீச்சர் சுங்கை பினாங்கிலிருந்து சலவைத் தொழிலாளி ஒருவரின் மகளை அழைத்துவந்து விட்டார். ஒரு நாள் மாமா தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவளை மாடிக்கு அனுப்பிவிட்டுத் தான் கீழேயே நின்றார்.  தவுக்கே அவருக்கு ஒரு டீ கொடுத்தார்.

அந்த மாடி வகுப்பில் பாடம் நடத்தும் முறையை அவளே உண்டாக்கினாள். இன்று படித்ததை வீட்டில் யாராவது ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு, தங்கைக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு, யாராயிருந்தாலும் சரி. மறுநாள் வந்ததும் அவள் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லமாட்டாள். "நேத்து யாருக்குச் சொல்லிக் குடுத்த? அவங்க என்ன கேட்டாங்க?" என்றுதான் கேட்பாள். கேள்வி எதுவும் வரவில்லை என்றால், "நீ சரியாச் சொல்லல," என்பாள். பயிற்சி வகுப்பில் எனக்குப் பெரிய பெரிய புத்தகங்களை வைத்து நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல விஷயங்கள்தான். ஆனால் ஒரு வகுப்பு தூங்கி வழியும்போது நான் எப்போதும் கையில் எடுத்தது அவளுடைய முறையைத்தான்.

பெண் கேட்டு வந்தார்கள். மாமா பயந்தது போல ஆகவில்லை. புத்தகக் கடை வைத்திருந்த ஒரு குடும்பம். பேச்சுக்கு உட்காரும் முன்பே அவள் அம்மா சொல்லிவிட்டார்: "மாடி வகுப்பு நிக்காது. சம்மதம்னா மேல பேசலாம்." மாப்பிள்ளையின் அம்மா, "எங்க வீட்டு மாடி இத விடப் பெருசு," என்றாராம். அதோடு பேச்சு முடிந்தது.

முதல் பிரசவம் அவளுக்கு நல்லபடியாக ஆயிற்று, ஆண் குழந்தை. இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மருத்துவச்சி யார் என்றால், சுங்கை பினாங்கிலிருந்து வந்து அவள் மாடியில் படித்த அதே சலவைத் தொழிலாளி மகள். படிப்பு முடிந்து ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், கைப்பெட்டியோடு படியேறி வந்தாள். விடுமுறையாதலால் நானும் அங்கே இருந்தேன். என் தோழி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அந்தப் பெண் அவளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள் என் தோழி.

அந்தப் பெண் தமிழில் சொன்னாள்.

"இங்கிலீஷ்ல சொல்லு."

அவள் இங்கிலீஷில் சொன்னாள். வலிக்கு நடுவிலும் ஒரு சொல்லின் உச்சரிப்பைத் திருத்திவிட்டுத்தான் என் தோழி அடுத்த கத்தல் கத்தினாள்.

பெண் குழந்தை. எல்லாம் சுத்தம் செய்து முடிந்த பிறகு, நானும் அந்தப் பெண்ணும் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்தோம். அடுத்த மாதம் அக்கரையில், தமிழ்க் கூலிகள் வேலை செய்யும் பைராம் தோட்டத்துப் பக்கம் வேலைக்குப் போகப்போவதாக அவள் சொன்னாள். டவுன் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம் போகிறாய் என்று கேட்டேன்.

"அங்க பொம்பளைங்களுக்கு யாருமே இல்ல டீச்சர். இங்க நான் இல்லன்னாலும் இன்னொருத்தர் இருப்பாங்க. ஆனா அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

உள்ளேயிருந்து குரல் வந்தது. தூங்குகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"சொல்ல வேண்டாம், கேட்டுருச்சு. போயிட்டு வா. போறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளையக் கொஞ்சம் எங்கிட்டத் தூக்கிக் குடுத்துட்டுப் போ."